தாய்சேய் நலமும் நாட்டின் குறிக்கோளும்

என் பாட்டியார் சோழவந்தானுக்கு அணித்தானதொரு சிற்றூரினர். மக்கட்பேறு எத்தனை என்று எவரேனும் வினவினால், “பெற்றது ஒன்பது, தங்கியது நாலு” என்று விடையிறுப்பார். துக்கத்தின் சாயல் அவர் குரலில் இராது. நெல் விளைந்த கணக்கையும் களத்தில் உதிர்ந்த கணக்கையும் சொல்வது போலச் சொல்லி முடிப்பார். தங்காத ஐவரின் பெயரும் எந்த ஏட்டிலும் ஏறவில்லை. அவருடைய இளைய சகோதரியார் தலைப்பிரசவத்திலேயே மாண்டார். பேறுகாலம் பெண்ணுக்கு மறுபிறவி என்று நம் முன்னோர் கூறியது அலங்காரமன்று. கண்கூடாகக் கண்டதையே கூறினர் என்பதை நான் வயது வந்த பின்னரே உணர்ந்தேன்.

இத்துயரைக் குறைப்பதற்கு நாடு முழுமைக்கும் குறிக்கோள்களை வகுத்துரைக்கும் வழக்கம் நம்மிடையே நெடுங்காலமாக இருந்து வருகிறது. அவ்வழக்கத்தைப் பற்றி என் அபிப்பிராயத்தை இவண் எழுதத் துணிந்தேன். குறிக்கோள் வேண்டாமென்பது என் கருத்தன்று. எதனை அளக்கிறோம், எவ்விடத்திருந்து அளக்கிறோம், அளப்பவர் யார் என்ற மூன்றையும் தீர்மானியாமல் வகுக்கப்படும் குறிக்கோள் தில்லியில் எழுதப்பட்டு அங்கேயே வாசிக்கப்படும் என்பதுதான் நான் கூறவந்தது.

முதற்கண் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். 1943ஆம் ஆண்டு நியமிக்கப்பெற்று 1946இல் அறிக்கை தந்த போர் கமிட்டி, அக்காலத்து இந்தியாவில் ஆண்டுதோறும் ஏறத்தாழ இரண்டு லட்சம் தாய்மார் பேறுகாலத்தில் மாள்வதாக மதிப்பிட்டது. 1937இல் பிறந்த ஆயிரம் குழந்தைகளுள் 162 பேர் ஓராண்டு நிறைவதற்குள் இறந்தனர் என்றும் அக்கமிட்டி எடுத்துக்காட்டிற்று. சென்னையில் பிரசவ வைத்தியத்தில் பெரும்புகழ் பெற்ற டாக்டர் ஆ. இலட்சுமணசாமி முதலியாரும் அதில் ஓர் அங்கத்தினர். அதற்குப் பின் 1983இல் வெளிவந்த தேசிய சுகாதாரக் கொள்கை, 2000ஆம் ஆண்டுக்குள் சிசு மரணம் ஆயிரத்துக்கு 60க்குக் கீழ் வரவேண்டும் என்றும், தாய் மரணம் லட்சத்துக்கு 200க்குக் கீழ் வரவேண்டும் என்றும் வரையறுத்தது. 2000ஆம் ஆண்டு வந்தது. சிசு மரணம் 68ஆக நின்றது. 2001 முதல் 2003 வரையுள்ள கணக்கின்படி தாய் மரணம் 301. பின்னர் 2000ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கொள்கையும் 2002ஆம் ஆண்டின் சுகாதாரக் கொள்கையும் 2010ஐக் கெடுவாக வைத்துச் சிசு மரணத்தை 30க்கும் தாய் மரணத்தை 100க்கும் இறக்க விரும்பின. சிசு மரணம் 30ஐத் தொட்டது 2019இல். தாய் மரணம் நூற்றுக்குக் கீழ், அதாவது 97ஆக, இறங்கியது 2018-20ஆம் ஆண்டுகளின் கணக்கில். கெடுவுக்குப் பத்தாண்டு பிந்தி வந்தோம் என்க.

இதனைக் கண்டு நகைப்பது எளிது. நான் நகைக்கமாட்டேன். 1937இன் 162 எங்கே, 2020இன் 28 எங்கே! பிந்தி வந்தோமாயினும் வந்தோம். குறிக்கோள் எழுதப்பட்டிராவிடில் நிதி மந்திரியார் முன்னிலையில் பிள்ளைத்தாய்ச்சிக்காகப் பேசுவதற்கு எவர் கையிலும் ஒரு காகிதம்கூட இருந்திராது.

நிற்க. குறை வேறிடத்தில் இருக்கிறது. லட்சத்துக்கு 97 என்பது நாட்டின் சராசரி. அதே கணக்கில் அஸ்ஸாமில் 195, கேரளத்தில் 19, நம் தமிழ்நாட்டில் 54. ஐக்கிய நாடுகள் 2015இல் ஏற்ற குறிக்கோள், 2030க்குள் உலகில் தாய் மரணம் 70க்குக் கீழ் வரவேண்டுமென்பது. அஸ்ஸாமுக்கு அது ஏறவொண்ணாத மலை. நமக்கோ முன்னமே கடந்துவிட்ட மைல்கல். நாம் கைகட்டி அமர்ந்திருந்தாலும் குறிக்கோள் நிறைவேறியதாகவே எழுதப்படும். ஆயினும் ஆண்டுக்கு எட்டு ஒன்பது லட்சம் குழந்தைகள் பிறக்கும் மாநிலத்தில் 54 என்ற விகிதத்துக்கு நானூறு, ஐந்நூறு தாய்மார் மாண்டனர் என்பது பொருள். வைகைக் கரையின் ஒரு சிற்றூரில் உள்ள பெண்டிர் அனைவரும் ஓராண்டில் இல்லாமற் போனால் எங்ஙனமிருக்குமோ அங்ஙனம்.

மற்றொரு சங்கடமும் உண்டு. இவ்விகிதங்களைத் தரும் மாதிரிப் பதிவு முறையானது தெரிந்தெடுத்த சில ஊர்களிலும் நகர்ப்பகுதிகளிலும் பிறப்பு இறப்புகளைத் தொடர்ந்து எழுதிவந்து, அதனின்று மாநிலம் முழுமைக்கும் மதிப்பீடு செய்வது. தாய் மரணம் அரிதாதலால் மூன்றாண்டுக் கணக்கைச் சேர்த்துத்தான் விகிதம் காண்கிறார்கள். ஆகவே மதுரை ஜில்லாவுக்கென்று ஒரு விகிதம் அதிலிருந்து கிடைக்காது. உசிலம்பட்டி, மேலூர், பேரையூர் என்ற தாலுகாக்களுக்குக் கேட்கவே வேண்டாம். நாட்டின் குறிக்கோளில் நமது பங்கு நிறைவேறிற்றா என்று அறிய விரும்பும் மதுரையான் அந்த அறிக்கையை எத்தனை முறை புரட்டினும் தன் ஊரைக் காணமாட்டான்.

அங்ஙனமாயின் தமிழ்நாடு 134இலிருந்து 54க்கு வந்தது எவ்வாறு? ஏறத்தாழப் பதினேழு ஆண்டுகளில் நிகழ்ந்த மாறுதல் இது. காரணம் பல. ஆரம்ப சுகாதார நிலையங்களில் மும்மூன்று செவிலியரை நியமித்து இரவும் பகலும் பிரசவம் பார்க்கச் செய்தது ஒன்று. அறுவைக்கும் இரத்தம் ஏற்றுவதற்கும் வேண்டிய வசதியுடன் தாலுகா மருத்துவமனைகளைத் தேர்ந்தெடுத்து வலுப்படுத்தியது மற்றொன்று. 2008இல் வந்த 108 வண்டியை யாவரும் அறிவர். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியார் பெயரால் 1987இல் தொடங்கிய பேறுகால உதவித்தொகை 2018இல் 18,000 ரூபாய்க்கு உயர்ந்தது. பிரசவ அறைக்குள் தாய்க்குத் துணையாக உறவுப்பெண் ஒருத்தி இருக்கலாம் என்று 2004இல் அநுமதித்ததும் சிறு காரியமன்று. வலியில் துடிப்பவளை அதட்டும் குரல், பக்கத்தில் அவள் அன்னையோ அத்தையோ நிற்கும்போது தானே தணிகிறது.

இவை யாவற்றினும் மேலாக நான் மதிப்பது ஒன்றுண்டு. 1994 முதற்கொண்டு இம்மாநிலத்தில் தாய் மரணங்களைத் தணிக்கை செய்யும் வழக்கம் தொடங்கிற்று. 2004இல் சர்க்கார் உத்தரவினால் அது கட்டாயமாயிற்று. கருவுற்றிருக்கையிலோ, கரு நீங்கிய 42 நாட்களுக்குள்ளோ, அக்காரணத்தால் ஒரு பெண் எங்கே இறப்பினும், வீடாயினும் வழியாயினும் தனியார் மருத்துவமனையாயினும், அச்செய்தி 24 மணி நேரத்துக்குள் மேலிடத்துக்குச் சேரவேண்டும். பின்னர் அவள் வீட்டுக்குச் சென்று விசாரிக்கிறார்கள். வலி எப்போது கண்டது? யார் முதலில் பார்த்தார்? வண்டி எப்போது வந்தது? முதலில் சென்ற இடத்தில் என்ன சொன்னார்கள்? அதன்மேல் கலெக்டர் தலைமையில் கூடும் கூட்டத்துக்கு இறந்தவளின் உறவினரையும் அழைக்கிறார்கள். டாக்டர்களும் அதிகாரிகளும் அமர்ந்திருக்கும் அறையில், மனைவியைப் பறிகொடுத்த கூலியாள் ஒருவன் அமர்ந்து, நடந்ததைத் தன் வாயால் சொல்கிறான். நம் நாட்டு ஆட்சிமுறையில் ஏழையின் சொல்லுக்கு இத்தகைய இடம் வேறெங்கேனும் உளதா என்று எண்ணிப் பார்க்கிறேன். எளிதில் நினைவுக்கு வரவில்லை.

இவ்விசாரணைகளில் திரும்பத் திரும்பத் தெரியவந்தது யாது? தாமதம் மூவிடங்களில் நேர்கிறது: புறப்பட வேண்டுமென்று வீட்டார் தீர்மானிப்பதில், போய்ச்சேருவதில், போய்ச்சேர்ந்த இடத்தில் உரிய சிகிச்சை தொடங்குவதில். சராசரி இதனைச் சொல்லாது. லட்சத்துக்கு இத்தனை என்ற எண் எந்தக் கதவு பூட்டியிருந்தது என்பதை உரைக்குமோ? ஒருத்தியின் கதை உரைக்கும். பிள்ளை பிறந்தபின் உதிரப்போக்கு நில்லாதவள் இரண்டு மணி நேரத்துக்குள் உயிர்விடக்கூடும். அவளுக்கு வேண்டுவது கருப்பையைச் சுருங்கச் செய்யும் மருந்தும், இரத்தமும், அவற்றைக் கொடுக்கத் தெரிந்த கையும். அம்மூன்றும் ஓரிடத்தில் இருந்தனவா, இல்லாவிடில் ஏன் என்று கேட்டுக் கேட்டே மேற்கூறிய வசதிகளுட் பல ஏற்பட்டன.

இங்கிலாந்து இத்தகைய விசாரணையை 1952 முதல் நடத்தி வருகிறது. அங்கே பெயர்களை நீக்கி இரகசியமாக ஆராய்வது முறை. கேரளமும் 2004 முதல் அவ்வழியே செல்கிறது. அண்டை நாடாகிய இலங்கையோ 1926இல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பகுதியை அமைத்து, ஊர்தோறும் பயிற்சி பெற்ற குடும்பநல மருத்துவமாதரை நிறுத்தி, நம்மினும் முந்திக்கொண்டது. நம்முடையது உறவினரை அவைக்கு அழைக்கும் முறை. இதனால் வரும் நன்மையைச் சொன்னேன். தீமையையும் மறைத்தல் தகாது. எண் குறைய வேண்டும் என்பது ஓர் அதிகாரியின் மானப் பிரச்சினையாகிவிட்டால், விசாரணை தண்டனைக் கூடமாக மாறும். தணிக்கையின் பெயரால் தாங்கள் அவமதிக்கப்படுவதாக சர்க்கார் டாக்டர்கள் அண்மையாண்டுகளில் முறையிட்டும் போராடியும் வந்திருக்கின்றனர். அஞ்சிய செவிலி உண்மையை எழுதாள். அஞ்சிய டாக்டர், நிலை மோசமென்று கண்டதும் நோயாளியை வேறிடத்துக்கு அனுப்பிவிடுவார். மரணம் தன் ஏட்டில் விழாதன்றோ!

இது கற்பனையன்று. என் உறவினர் பெண்ணொருத்தியைச் சில ஆண்டுகளுக்கு முன் ஓரிரவில் மூன்று இடங்களுக்கு மாற்றினார்கள். ஒவ்வோரிடத்தும் சீட்டு மட்டும் எழுதப்பட்டது. மூன்றாமிடத்தில் அவள் பிழைத்தாள், குழந்தை தங்கவில்லை. எங்கென்று கூறேன். அவ்விரவில் பணியிலிருந்த இளம் டாக்டரின் முகத்தில் நான் கண்டது அலட்சியமன்று, பயம்.

மதுரை மாநகருக்கு இது தனியே பொருந்தும். தேனி, திண்டுக்கல், விருதுநகர், சிவகங்கை, இராமநாதபுரம் ஆகிய ஜில்லாக்களிலிருந்து கைவிட்ட நிலையில் வரும் தாய்மார் பலருக்கும் கடைசிப் புகலிடம் எர்ஸ்கின் ஆஸ்பத்திரி என்று மூத்தோர் வழங்கிய அரசு இராஜாஜி மருத்துவமனையே. அங்கு நேரும் மரணத்தை அங்குள்ளவர் தலையில் ஏற்றுவது எளிது. தாமதம் கமுதியில் நேர்ந்திருக்கலாம், கம்பத்தில் நேர்ந்திருக்கலாம்.

நம் பழக்கமொன்றும் இக்கணக்கைக் குழப்புகிறது. தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் வழக்கம். ஏழாம் மாதத்திலோ ஒன்பதாம் மாதத்திலோ வளைகாப்பு முடிந்ததும் பெண் பிறந்தகம் செல்வாள். அதுவரை அவளை மாதந்தோறும் பார்த்து, இரத்த அழுத்தமும் எடையும் எழுதிவந்த கிராம சுகாதார செவிலியர் அவளை இழந்துவிடுகிறார்; புதிய ஊரின் செவிலியருக்கோ அவளுடைய முன்கதை தெரியாது. ஆபத்து மிகுந்த மாதங்களில் அவள் இரண்டு ஏடுகளுக்கு நடுவே நிற்கிறாள். கருவுற்றவள் ஒவ்வொருத்திக்கும் ஓர் எண் கொடுத்து, அவள் எங்குச் செல்லினும் அவ்வெண் உடன்செல்லுமாறு செய்து, அஃதின்றிக் குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் பெறவியலாது என்று சர்க்கார் விதித்தது இக்காரணம் பற்றியே. சான்றிதழுக்கு அலையும்போது இதனைத் தொல்லை என்று வைவோர் பலர். யானும் ஒருகால் வைதவனே.

இனி, நமது ஜில்லா பெயரெடுத்த கொடிய விஷயத்தைச் சொல்லாமல் விடுதல் நேர்மையாகாது. 1986ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ‘இந்தியா டுடே’ பத்திரிகை உசிலம்பட்டிப் பக்கத்துப் பெண்சிசுக் கொலையை வெளியிட்டது. கள்ளிப்பால் என்ற சொல் அதன்பின் நாடெங்கும் அறியப்பட்டது. 1992இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தோன்றியது. 2001இல் அது மதுரைக்கும் தேனிக்கும் திண்டுக்கல்லுக்கும் விரிந்தது. அக்காலத்து ஆரம்ப சுகாதார நிலையங்களின் ஏடுகளில் இத்தகைய மரணங்களைச் ‘சமூகக் காரணங்கள்’ என்று குறித்துவைத்தார்கள். எத்துணை அடக்கமான சொல்! ஆயினும், அவ்வாறேனும் எழுதிய செவிலியரால்தான் அச்சிசுக்கள் எண்ணப்பட்டன. எண்ணப்பட்டதால்தான் தடுக்கவும் முயன்றார்கள்.

அதற்குப்பின் வந்தது கருவிலேயே ஆணா பெண்ணா என்று காணும் கருவி. 1994இல் சட்டம் தடுத்தது. தொழில் ஒளிந்து நடந்தது. இவ்விடத்துச் சிசு மரணக் குறிக்கோளின் பெருந்துளையைக் காணலாம். கருவில் அழிக்கப்பட்ட பெண் பிறக்கவில்லை. பிறவாதவள் இறந்ததாகவும் கணக்கில்லை. பெண்மக்களைக் கருவிலேயே களைந்துவிடும் ஊர் ஒன்று, சிசு மரணத்தைக் குறைத்த ஊரென்று பரிசும் பெறக்கூடும். ஆதலால் பிறக்கும் ஆண்பெண் குழந்தைகளின் விகிதத்தைப் பக்கத்தில் எழுதாமல் சிசு மரண விகிதத்தை மட்டும் காட்டும் எந்தப் பலகையையும் நான் நம்புவதில்லை.

அளப்பதற்கு எளிதானதையே குறிக்கோளாக்கும் குற்றமும் உண்டு. மருத்துவமனையில் பிரசவம் நிகழவேண்டும் என்றோம். 2019-21ஆம் ஆண்டு தேசிய குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 99க்கு மேல் அவ்வாறே நிகழ்கிறது. வெற்றிதான். ஆனால் அதே ஆய்வில், நூற்றுக்கு 45 தாய்மாருக்கு வயிற்றை அறுத்தே பிள்ளை எடுக்கப்பட்டிருக்கிறது. நூற்றுக்குப் பத்துக்கு மேல் இவ்வறுவை மிகுவதனால் நாட்டில் தாய்சேய் மரணம் குறைவதாகக் காணவில்லை என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2015இல் கூறிற்று. கருவுற்ற பெண்களில் நூற்றுக்கு 48 பேருக்கு இரத்தச்சோகை; முந்தைய ஆய்வினும் இது சற்றே அதிகம். கட்டடமும் கத்தியும் பெருகின. தட்டில் சோறும் கீரையும் பருப்பும் பெருகவில்லை. வீட்டில் எல்லோரும் உண்டபின் எஞ்சியதை உண்ணும் மருமகளை எந்தச் சர்க்கார் உத்தரவு முதற்பந்தியில் அமர்த்தும்? மாத்திரையைக் கொடுத்துவிட்டோம் என்று ஏட்டில் எழுதலாம். விழுங்கினாளா என்று எவர் எழுதுவார்?

எனவே என் விண்ணப்பம் இதுவே. நாட்டின் குறிக்கோள் நாட்டுக்கு இருக்கட்டும். மதுரை ஜில்லா தனக்கென்று, விகிதமின்றி, காரணத்தின் பெயரால் ஒரு குறிக்கோளை வகுத்துக்கொள்ள வேண்டும். இத்தனை ஆண்டுக்குள் இந்த ஜில்லாவைச் சேர்ந்த தாய் ஒருத்தியும் இரத்தம் கிட்டாமல் உதிரப்போக்கினால் இறக்கலாகாது என்பது அதன் முதல் வாசகமாகட்டும். இதனை அளக்க மாதிரிக் கணக்கு வேண்டா. மூன்றாண்டுச் சராசரியும் வேண்டா. ஒருத்தி அவ்வாறு இறந்தால் குறிக்கோள் தவறிற்று. ஊராருக்கும் இது விளங்கும். தணிக்கையில் தெரியவந்ததை, இறந்தவள் பெயரும் பணியாளர் பெயரும் நீக்கி, அவ்வூராட்சி ஒன்றியத்தின் கிராம சபைகளில் படிக்கட்டும். வண்டி வர நேரமாயிற்று, சாலை பெயர்ந்திருந்தது, மாமியார் இசையவில்லை, இரத்த வங்கியில் அவ்வினம் இல்லை என்று உள்ளது உள்ளபடி கேட்டால் ஊர் வாளாவிராது. உறவினர் பேசும் உரிமை நிலைக்கட்டும்; உண்மை சொன்ன செவிலிக்கு அதனால் தீங்கு வாராதென்ற உறுதியும் எழுத்தில் இருக்கட்டும்.

இதை வாசிக்கும் மாணவர்கள், நாம் செய்யத்தக்கது யாதென வினவலாம். பழைய மாணவருள் டாக்டர்களும் அதிகாரிகளும் ஆசிரியர்களும் உளர். அவரவர் வழியை அவரவர் அறிவர். கல்லூரியில் இருப்போருக்கு ஒன்று சொல்வேன். இரத்த வங்கிகளுக்குக் கொடையாளிகளில் பெரும்பகுதியினர் கல்லூரி மாணவர். கோடை விடுமுறையில் விடுதிகள் பூட்டப்பட்டு நீங்கள் உங்கள் ஊர்களுக்குச் சென்றுவிடுகிறீர்கள். ஏப்ரல், மே மாதங்களில் அவ்வங்கிகளின் இருப்பு வற்றிப்போகிறது. விடுதிப் பட்டியலோடு இரத்த இனப் பட்டியலும் ஒவ்வொருவர் ஊர்ப்பெயரும் சேர்த்து எழுதி, மார்ச் மாதத்திலேயே அந்தந்தத் தாலுகா மருத்துவமனைக்கு அனுப்பிவிடலாம். திருமங்கலத்து மாணவன் திருமங்கலத்திலும், மேலூர் மாணவி மேலூரிலும் கூப்பிட்டவுடன் வரக்கூடியவர்களாக இருப்பார்கள். வரும் மார்ச்சுக்கு இன்னும் நாளிருக்கிறது. பட்டியல் எழுத ஒரு நோட்டுப்புத்தகம் போதும்.